சினைப்பைக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம்

பெண்ணின் சினைப்பை ஏன் காலத்துக்கு முன்பே ஓய்ந்துபோகிறது? மருத்துவப் புத்தகத்தைத் திறந்தால் பட்டியல் நீளும். மரபணுக் கோளாறு. கீமோதெரபி. கதிர்வீச்சு. உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்கள். அம்மாவுக்கு மாதவிடாய் சீக்கிரம் நின்றிருந்தால் மகளுக்கும் நிற்கலாம். புகைபிடித்தால் ஓரிரு ஆண்டு முன்கூட்டியே நிற்கலாம். எல்லாம் சரி. ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. கரும்பு.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் மழை பொய்க்கும் மண். அக்டோபர் வந்தால் லட்சக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டக் கிளம்புவார்கள். ஆறு மாதம் அங்கேதான். ஆள் பிடிக்கும் கங்காணிக்கு முகாதம் என்று பெயர். முன்பணம் கொடுப்பவர் அவர். கணக்கு எழுதுபவர் அவர். எழுதிய கணக்கு சரி என்று சொல்பவரும் அவரே. அவருடைய நோட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்த்தா, அதாவது ஒரு வெட்டரிவாள். மனைவி என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. அவள் அரை அரிவாள். முன்பணம் பெரும்பாலும் கணவன் கைக்குப் போகும். அரை அரிவாளுக்கு எதற்குப் பணமும் கையெழுத்தும்?

ஆனால் அந்த அரை அரிவாள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் முழு அபராதம். நாளுக்கு ஐந்நூறு ரூபாய் என்பது 2019-இல் செய்திகளில் வந்த விலை. காய்ச்சலா, கருச்சிதைவா, மாதவிலக்கா என்ற விசாரணையெல்லாம் நோட்டுக்கு இல்லை.

விடியும் முன் வயலில் இறங்க வேண்டும். வெட்ட வேண்டும், கட்ட வேண்டும், கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்ற வேண்டும். லாரி நடுராத்திரியில் வந்தால் நடுராத்திரியில் ஏற்ற வேண்டும். தங்க வயலோரத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம். கழிப்பறை இல்லை. குளிக்க மறைப்பு இல்லை. மாதவிலக்குத் துணியை அலச நல்ல தண்ணீர் இல்லை, காயப்போட வெயில் படும் மூலையும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் வராவிட்டால்தான் அதிசயம்.

வந்தால் டவுனில் தனியார் ஆஸ்பத்திரி. ஒரு ஸ்கேன். அப்புறம் பேச்சு இப்படித்தான் போகும்.

“எத்தனை குழந்தைம்மா?”

“மூணுங்க டாக்டர்.”

“அப்புறம் எதுக்குக் கர்ப்பப்பை? வச்சிருந்தா கேன்சர் ஆயிடும். எடுத்துடலாம்.”

சிகிச்சை முடிந்தது. கேன்சர் என்று கேட்டபின் எதிர்க்கேள்வி கேட்க எந்த ஏழைக்குத் தெம்பிருக்கிறது? தொற்றுக்கு மாத்திரை உண்டா, அதிக ரத்தப்போக்குக்கு வேறு மருந்து உண்டா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. செலவு பல ஆயிரம் ரூபாய். பணத்துக்கு எங்கே போவது? இருக்கவே இருக்கிறார் முகாதம். கருப்பையை எடுக்க வாங்கிய கடனைக் கருப்பை இல்லாத உடம்பு வெட்டிக் கழிக்க வேண்டும்.

கேன்சர் பயம் நிஜமென்றே வைத்துக்கொள்வோம். பீடுக்குப் பக்கத்து மாவட்டம் உஸ்மானாபாத் (இன்றைய பெயர் தாராசிவ்). அங்கே 1.3 லட்சம் பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2009-இல் உலகின் முதல் வரிசை மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரே ஒருமுறை ஹெச்பிவி என்ற வைரஸுக்கான பரிசோதனை செய்து, வேண்டியவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததில், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. உலகம் முழுக்க அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பக்கத்து மாவட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் அது எட்டவில்லை. அவளுக்கு எட்டியது கத்தி.

2019 ஜூனில் மகாராஷ்டிரச் சுகாதார அமைச்சர் மேலவையில் எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். பீட் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் 4,605 கருப்பைகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. சொன்னவர் ஏக்நாத் ஷிண்டே. அவர் பின்னாளில் முதலமைச்சரே ஆனார்.

கணக்கு வெளிவந்ததும் என்ன செய்வார்கள்? குழு போட்டார்கள். குழு 82,309 கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. ஆறில் ஒருத்தி. நாடு முழுக்க எடுத்தால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது நூற்றுக்கு மூன்றைச் சற்றே தாண்டும் என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பீட் பெண்ணின் கருப்பை மட்டும் ஐந்து மடங்கு அழுகலாகப் பிறந்ததோ என்னவோ.

‘கருப்பையைத்தானே எடுத்தோம், சினைப்பை பத்திரமாக இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறதா? சேர்த்தே வழித்தெடுத்த கதைகளும் உண்டு. அப்படி எடுத்தால் அன்று ராத்திரியே மாதவிடாய் நிறுத்தம்தான். விட்டுவைத்தாலும் ஆபத்து போகவில்லை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கருப்பையை மட்டும் எடுத்த பெண்களை நான்கு ஆண்டுகள் கவனித்தது. அவர்களில் 14.8 சதவீதத்தினருக்குச் சினைப்பை ஓய்ந்திருந்தது. அறுவை செய்யாதவர்களில் 8 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சினைப்பை ஓய்ந்தால் ஈஸ்ட்ரோஜன் வற்றும். எலும்பு மெலியும், இதய நோய்க்கு வழி திறக்கும், உடம்பு காந்தும், தூக்கம் போகும். நாற்பதுக்கு முன் இது நேர்ந்தால், தடை ஏதும் இல்லாதவரை, இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்கிறது மருத்துவ நெறி. பீடில் டிஸ்சார்ஜ் சீட்டோடு அதை எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? தையல் காய்ந்ததும் அவள் மறுபடி தலைச்சுமை தூக்குகிறாள். முப்பது வயதில், அறுபது வயது எலும்போடு.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2020-இல் வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கும் சீக்கிரம் மாதவிடாய் நிற்கும் அபாயம் குறைவாம். கரும்பு வெட்டுபவளைப் பாருங்கள். பதினைந்து, பதினாறு வயதிலேயே கல்யாணம். தம்பதியாகப் போனால்தானே ஒரு கொய்த்தா? இருபதைத் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று பிள்ளைகள். புட்டிப்பாலுக்கு ஏது காசு, எல்லாம் தாய்ப்பால்தான். சிகரெட் தொட்டதில்லை (பல்லில் தேய்க்கும் மிஷ்ரிப் புகையிலை வேறு கணக்கு). இயற்கை தரக்கூடிய காப்பெல்லாம் அவளிடம் இருக்கிறது. அத்தனையையும் ஐந்நூறு ரூபாய் அபராதம் அடித்துக்கொண்டு போகிறது.

டெல்லி சும்மா இருக்குமா? 2023 டிசம்பரில் மகளிர் நலத்துறை அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானி, மாதவிலக்கு ஊனமல்ல, அதற்குக் கூலியோடு விடுப்பு தேவையில்லை என்று மாநிலங்களவையில் பேசினார். ஊனமல்ல, ஒப்புக்கொள்கிறோம். குற்றமும் அல்லவே, அம்மா! அபராதம் எதற்கு?

நீதிமன்றமும் பேசியது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை எடுக்கிறார்கள் என்று 2013-இல் ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றம் போனார். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டு அட்டையில் இருந்த பணத்தைக் கறக்கவே கத்தி எடுத்தார்கள் என்பதும் குற்றச்சாட்டு. தீர்ப்பு 2023 ஏப்ரலில் வந்தது. மூன்று மாதத்தில் வழிகாட்டு நெறிகளைச் செயல்படுத்தச் சொன்னார்கள். மூன்று மாதம் என்று சொல்லப் பத்து ஆண்டு. முப்பதில் பையை இழந்தவள் தீர்ப்பைக் கேட்கும்போது நாற்பதில் இருந்திருப்பாள்.

பீடில் 2019-இலேயே உடனடி நடவடிக்கை ஒன்று எடுத்தார்கள். கருப்பையை எடுக்க இனி மாவட்ட சிவில் சர்ஜனின் அனுமதி வேண்டும். நல்லது. கத்திக்கு அனுமதி வந்துவிட்டது. அபராதத்துக்கு யாரும் அனுமதி கேட்பதாகத் தெரியவில்லை. 2024-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, இந்தக் கரும்பின் சர்க்கரை கோகா-கோலா, பெப்சி நிறுவனங்கள்வரை போவதைத் தோண்டி எழுதியது. நம் பத்திரிகைகளில் 2025-இல் வந்த செய்தி இன்னும் சுருக்கமானது: முந்தைய பருவத்துக்குக் கிளம்பும் முன் கருப்பை எடுத்துக்கொண்ட பீட் பெண்கள் 843 பேர். அதில் 477 பேர் முப்பது முதல் முப்பத்தைந்து வயதுக்காரிகள்.

‘அது மராட்டியம்’ என்று நாம் காலை நீட்டி உட்கார வேண்டாம். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலி என்று வந்த பெண்களுக்குப் பெயரே இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியதை 2019-இல் ஒரு செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. இங்கே மாத்திரை, அங்கே கத்தி. உற்பத்தி நிற்கக் கூடாது என்பதில் எல்லா மாநிலமும் ஒரே கட்சி.

மகாராஷ்டிர அரசுக்கு வேண்டுகோள். அடுத்த குழுவைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். அபராதத்தைக் குற்றமாக்குங்கள். கூடாரம் போடும் இடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் வைக்காத ஆலைக்கு அரவை உரிமம் கொடுக்காதீர்கள். மாதவிலக்கு நாளுக்குக் கூலி கொடுங்கள். மனைவியின் கூலியை அவள் பெயரில் எழுதுங்கள். உஸ்மானாபாத் பரிசோதனையைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இதில் எதற்கும் மயக்க மருந்து தேவையில்லை. அக்டோபரில் லாரிகள் கிளம்பும். அதற்குள் ஆணை போடுங்கள்.