சிதையாத கோபால்ட்

கேள்வி: கோபால்ட்(III)-உடன் 6 அம்மோனியா சேர்ந்த அயனி அமிலத்தில் சிதையும் என்கிறது பாடப்புத்தகம். எங்கள் ஆய்வகத்தில் நாள்கணக்காக அதே ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே! யார் சொல்வது பொய்?

பதில்: இருவர் சொல்வதும் மெய். புத்தகம் போய்ச்சேரும் ஊரைச் சொல்கிறது. குடுவை வண்டியின் வேகத்தைச் சொல்கிறது. அமிலம் அம்மோனியாவை அம்மோனியமாக்கிப் பிடித்துக்கொள்ளும். சமநிலை மாறிலி ஏறத்தாழ 10-இன் 25-ஆம் அடுக்கு! ஆற்றல் கணக்கில் அயனி தோற்றுவிட்டது. ஆனால் கோபால்ட்(III)-இன் 6 d எலக்ட்ரான்களும் தாழ் ஆற்றல் ஆர்பிட்டால்களில் ஜோடி ஜோடியாக அமர்ந்திருக்கின்றன. ஓர் அம்மோனியாவைக் கழற்றவே பெரிய ஆற்றல் தடையைத் தாண்டவேண்டும். நிலையற்றது, ஆனால் மந்தமானது என்பது இதுதான். கோபால்ட்(II)-க்கு அந்தத் தடை சிறிது. அமிலம் பட்டதும் அம்மோனியாவை விட்டுவிடும்.

இந்த மந்தத்தைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். கோபால்ட் சேர்மங்கள் உருமாறாமல் பொறுத்திருந்ததால்தான் சூரிச்சில் வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னரால் மாற்றியங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, 1893-இல் அவற்றுக்குத் தாம் சொன்ன அமைப்பை நிறுவ முடிந்தது. 1913-இல் நோபல் பரிசும் வந்தது. எனவே ஒரு சேர்மம் சிதையுமா என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு நேரத்தில் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.