பால் கொடுக்க ஒரு நாற்காலி

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் நாற்காலியை யாரும் தமக்காக வாங்குவதில்லை. வருகிறவர்களுக்காக வாங்குகிறோம். கணக்கப்பிள்ளை வந்தால், சங்கத்துத் தலைவர் வந்தால், பெண் பார்க்க வந்தால், உள்ளே சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இஸ்தோப்புக்கு வரும். தோளில் கிடக்கும் துவாலையால் ஒரு தட்டுத் தட்டிப் போடுவோம். வீட்டுக்காரர்களுக்கு வாசற்படி இருக்கிறது, பலகை இருக்கிறது, கட்டில் விளிம்பு இருக்கிறது. சாவு வீடென்றால் லயத்து நாற்காலி முழுக்கக் கிளம்பிப் போகும். திரும்பும்போது யாருடையது எது என்று சண்டை வராமலிருக்க, அடியில் பெயின்றால் பெயர் எழுதி வைத்திருப்போம்.

அந்த நாற்காலியில் பெண்கள் உட்காருவது அபூர்வம். எங்கள் அம்மா உட்கார்ந்ததற்கு இரண்டு சாட்சிகள் உண்டு: ஒன்று கல்யாணப் படம், இன்னொன்று அடையாள அட்டைப் படம்.

இப்படிப்பட்ட வீட்டில்தான், பெண்களுக்கு மட்டுமேயான, அதிலும் பால் கொடுக்கும் பெண்ணுக்கு மட்டுமேயான ஒரு நாற்காலி பற்றிப் பேச்சு எழுந்தது. கட்டாரில் வேலை செய்யும் மச்சான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். சாம்பல் நிற மெத்தை, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த கைப்பிடி, முன்னும் பின்னும் சத்தமில்லாமல் சறுக்கி ஆடும் அடிப்பாகம், கால் நீட்ட அதே நிறத்தில் குட்டி மேடை. அதுவும் கூடவே ஆடும். "மச்சான், இங்க எல்லாரும் இதுலதான் புள்ளைக்குப் பால் குடுக்குறாங்க. அக்காவுக்கு முதுகு வலின்னு அம்மா சொன்னாங்க. கொழும்புல கிடைக்கும், பாருங்க" என்று குரல் பதிவு வேறு. பாதிக் காசு அவன் போடுவானாம். மீதிப் பாதியைப் பற்றி அந்தக் குரல் பதிவு மௌனம் சாதித்தது.

முதுகு வலி உண்மை. பிள்ளை பிறந்ததிலிருந்து என் மனைவி கட்டில் விளிம்பில் கேள்விக்குறி மாதிரி குனிந்து உட்கார்ந்துதான் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே சிரித்துத் தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல. கொழும்புக் கடையொன்றில் விலை கேட்டேன். ஒரு லட்சம் ரூபாய் என்றார்கள். கொண்டுவந்து தருகிற கூலி தனி. பூனாகலை என்றதும் கடைப் பெண், "அது எந்த டவுனுக்குக் கிட்ட சேர்?" என்றாள். பண்டாரவளைக்குக் கிட்ட என்றேன். அங்கிருந்து இங்கு வரும் வளைவுகளைப் பற்றி நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் ரூபாயில் சொன்னால் ஏறாது. ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவள். எதையும் 'பேர்' கணக்கில்தான் அளப்பாள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 2021இல் ஆயிரமாகி 2024இல் 1,350 ரூபாயான நாட்சம்பளத்தால் ஒரு லட்சத்தை வகுத்துச் சொன்னேன்: எழுபத்து நாலு பேர்.

"பிரசவ லீவு எத்தனை நாளு?"

"எம்பத்து நாலு."

"அப்ப பத்து நாளு மிச்சம் இருக்கு. அந்தப் பத்து நாளைக்குச் சோறு திங்கலாம்" என்றாள்.

விலையை விடுங்கள், அளவைப் பார்ப்போம் என்று அளவுநாடாவை எடுத்தேன். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் கட்டில், அலுமாரி, டீவி, சாமி தட்டு, அரிசி பீப்பாய், கூரை மரத்தில் தொங்கும் தொட்டில். ஆடும் நாற்காலிக்குத் தன் இடம் போக முன்னால் ஒரு வெளி, பின்னால் ஒரு வெளி வேண்டும். முன்னால் ஆடினால் கால்மேடை அலுமாரியை இடிக்கும். பின்னால் ஆடினால் நாற்காலி தொட்டிலை இடிக்கும். தாய் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குப் பால் கொடுக்க, தொட்டிலில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதுவும் இலவசமாக ஆடும் என்பது மட்டும்தான் இதில் லாபம். தவிர எங்கள் சிமெந்துத் தரை, கழுவிய தண்ணீர் தானாக வெளியே ஓட வேண்டும் என்று சரிவாகப் போடப்பட்டது. நாற்காலியும் அதே வழியில் வாசலுக்குப் போய்விடுமோ என்று பயந்தேன். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறையும். நாங்கள் இன்னும் வரிசையில் இருக்கிறோம்.

பிறகு தெருவிலிருந்து லயத்துக்கு ஏறும் படிகள். நடக்க முடியாத நோயாளிகளைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி இறக்கிய படிகள் அவை. அதே படியில் சாம்பல் நிற மெத்தை நாற்காலி தோளில் ஏறி வந்தால், வழிநெடுக யாருக்கு என்ன வியாதி என்று விசாரிப்பார்கள்.

அம்மாவிடம் கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. வீட்டுக்கு எது வாங்கினாலும் கேட்பாள்: "மழை வந்தா தூக்கிட்டு ஓட முடியுமா?" கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். பக்கத்து கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த ஊர் இது. 2023 மார்ச்சில் எங்கள் பூனாகலையின் கபரகலையிலேயே மண் சரிந்தது. அன்று ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மாவின் பரீட்சையில் டீவியே பாஸாகவில்லை. நாற்காலி எந்த மூலைக்கு?

சரி, அம்மா எப்படிப் பால் கொடுத்தாள் என்று கேட்டேன். கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்து வாசற்படியில், கூடையைப் பக்கத்தில் இறக்கிவைத்து, இடுப்பில் கட்டிய படங்கு ஈரத்தோடு. சட்டம் அவளுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தொழிலாளிக்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை கொடுக்கச் சொல்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். ஆனால் சட்டம் எழுதியவர் மலையில் ஏறிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கொழுந்து மலை மேலே, மடுவம் கீழே. இறங்க ஒரு நேரம், ஏற இரண்டு பங்கு நேரம். நடுவில் மிஞ்சுவதில் பிள்ளை குடிக்க வேண்டும், ஏப்பம் விட வேண்டும், தாயை அடையாளம் கண்டு சிரிக்கவும் வேண்டும். திரும்பி வந்தால், "என்னா, ஊருக்குப் போயிட்டு வந்தியா?" என்று கங்காணி நிற்பார்.

"அப்ப ஒரு நாற்காலி இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமாம்மா?"

"நாற்காலியில ஒக்காந்தா எந்திரிக்க மனசு வராதுடா. அரைப்பேராப் போட்டுருவாங்க."

இங்கே ஒரு சந்தேகம். குழந்தைப் பால்மாவைத் தாய்மாரிடம் விளம்பரம் பண்ணக்கூடாது என்று 1981இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது. இலங்கையிலும் அதற்கென்று விதிக்கோவை இருக்கிறது. நாற்காலி விற்பவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த நாற்காலி இல்லாவிட்டால் பாலே சுரக்காது என்கிற தோரணையில் விளம்பரம் போடுகிறார்கள். 2016இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். அந்தத் தாய்மார்கள் எல்லாம் எதில் உட்கார்ந்தார்கள்? பாய், பலகை, கட்டில், படி.

ஆனால் சீமையில் இந்த நாற்காலிக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விக்டோரியா ராணி காலத்துப் பால் கொடுக்கும் நாற்காலி பஞ்சு மூட்டை அல்ல. இருக்கை தாழ்வாக, பெரும்பாலும் கைப்பிடியே இல்லாமல் இருக்கும். தாழ்வாக இருப்பதால் பாதம் தரையில் பதியும், மடி உயரும், பிள்ளை மார்புக்கு எட்டும். எங்கள் குந்துற பலகைக்கு முதுகு வைத்தால் ஏறக்குறைய அதுதான். அவர்களும் பிறகு அதை விட்டுவிட்டு ஆட்டத்துக்கும் மெத்தைக்கும் போய்விட்டார்கள்.

வழக்கைத் தீர்த்தது மிட்வைஃப் மிஸ்தான். பிள்ளையைப் பார்க்க வந்தவருக்கு வழக்கம்போல் நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். மச்சானின் படத்தைக் காட்டினேன். பார்த்தார், சிரித்தார், எழுந்துகொண்டார். தமக்குப் போட்ட நாற்காலியிலேயே என் மனைவியை உட்காரவைத்தார். படுக்கை விரிப்பை மடித்து இடுப்புக்குப் பின்னால் கொடுத்தார். அம்மாவின் பலகையை இழுத்துக் காலுக்கடியில் போட்டார். தலையணையை மடியில் வைத்து முழங்கைக்கு முட்டுக் கொடுத்தார். "பிள்ளைய மார்புக்குக் கொண்டு வாங்க, மார்பப் பிள்ளைக்குக் கொண்டு போகாதீங்க" என்றார். பிள்ளையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே நேரில் வர வேண்டும், நாடி மார்பில் படவேண்டும், வாய் அகலத் திறந்து கவ்வ வேண்டும். கேள்விக்குறி நிமிர்ந்தது.

போகிறபோது இன்னொன்றும் சொன்னார். மெத்தை நாற்காலியில் ராத்திரி பால் கொடுத்தபடி தாய் கண்ணயர்ந்துவிட்டால் ஆபத்து. பிள்ளை மெத்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டும். சோபாவும் சாய்வு நாற்காலியும் கைக்குழந்தையோடு தூங்கிவிடக் கூடாத இடங்கள். ஒரு லட்சம் கொடுத்து வாங்கும் சுகமே அங்கே பகையாகிறது.

பிளாஸ்டிக் நாற்காலி அன்றிலிருந்து கட்டில் ஓரத்தில் நிரந்தரமானது. ஒரேயொரு சிக்கல் சித்தப்பாவால் வந்தது. இலங்கை அணி மட்டை பிடித்த அன்று மாலை அவர் அதில் சாய்ந்து, இடுப்புக்குக் கொடுத்த விரிப்பையும் பலகையையும் பார்த்து, "சும்மா சொல்லக் கூடாது, நல்ல வசதி" என்று சொல்லி, ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை. பஞ்சு வைத்த நாற்காலி வந்திருந்தால் அவர் குடியேறியிருப்பார்.

மனைவியிடம் முடிவைக் கேட்டேன். "அந்த நாற்காலி ராத்திரி எந்திரிச்சுத் தண்ணி கொண்டாருமா? புள்ளைக்கு ஏப்பம் எடுத்துவிடுமா? துணி அலசுமா?" என்றாள். மச்சானுக்கு அதையே பதிவு செய்து அனுப்பிவிட்டேன். அவன் போடுவதாகச் சொன்ன பாதிக் காசில் கொஞ்சம் மட்டும் கேட்டு, சுடுதண்ணீர் பிளாஸ்க் ஒன்றும் கெட்டியான தலையணை இரண்டும் வாங்கினோம். ராத்திரி தண்ணீர் என் பொறுப்பு.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் தையலோடு வந்தவர்களுக்கும், இரட்டைப் பிள்ளைக்காரிகளுக்கும், வீட்டில் இடமும் கையில் காசும் உள்ளவர்களுக்கும் நல்ல கைப்பிடி வைத்த நாற்காலி உதவும். ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உட்காரப் போகிறவளைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். முதுகு சாய்மானத்தில் ஒட்ட உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் அவளால் தரையில் முழுதாக ஊன்ற முடியாவிட்டால், கடைக்காரர் எவ்வளவு கழித்துத் தருவதாகச் சொன்னாலும் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.