நாலு பைசா நியாயம்

‘தி ஃபோர்த் கைண்ட்’ படம் தொடங்கியதும் மில்லா ஜோவோவிச் நடந்து வந்து நம் முகத்துக்கு நேரே நின்றுகொள்கிறார். தான் ஒரு நடிகை என்கிறார். அபிகெயில் டைலர் என்ற உளவியலாளராக நடிக்கப்போவதாகச் சொல்கிறார். அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் அந்த அம்மாள் தன் நோயாளிகளைப் படம்பிடித்து வைத்த அசல் வீடியோக்கள் படத்தில் வரும், சில காட்சிகள் மனதைக் கலக்கிவிடும், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு என்று முடிக்கிறார். என்ன பணிவு, என்ன நேர்மை! கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்கிறவர்கள்கூட இவ்வளவு நிதானமாகச் செய்ய மாட்டார்கள்.

அபிகெயில் டைலர் என்று ஒருவர் இந்தப் பூமியில் பிறக்கவே இல்லை.

2009 நவம்பர் 6 அன்று யுனிவர்சல் வெளியிட்ட படம் இது. ஒலாதுண்டே ஒசுன்சான்மி இயக்கியது. நோம் ஊரில் பலர் ஒரே நேரத்தில், பின்னிரவு மூன்று மணிவாக்கில், திடுக்கிட்டு விழிக்கிறார்கள். ஜன்னலில் ஒரு வெள்ளை ஆந்தை அவர்களை முறைத்துப் பார்க்கிறது. ஆந்தையைத் துருவினால் வேற்றுக்கிரகவாசி. கதை இவ்வளவுதான், இதில் குற்றம் ஏதுமில்லை. ஆந்தையை வைத்து யார் வேண்டுமானாலும் பயமுறுத்தலாம், நம் பாட்டிமார் செலவில்லாமல் செய்த வேலைதான். ஆனால் அவர்கள் இதைக் கதை என்று விற்கவில்லை. ஆதாரம் என்று விற்றார்கள்.

விற்ற விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், திருட்டிலும் வேலைப்பாடு உண்டு. திரை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதியில் பளிச்சென்ற வெளிச்சத்தில், ஒப்பனை கலையாத அளவில் கண்ணீர் விடும் ஜோவோவிச். மறு பாதியில் மங்கிப்போன, புள்ளி புள்ளியாக நெளியும் வீடியோவில், கண் குழிவிழுந்து, ரத்தம் சுண்டிய முகத்தோடு ‘அசல்’ டைலர். இருவரும் ஒரே வசனத்தை ஒட்டி ஒட்டிச் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவர் நடிகை என்று அவரே வந்து சொல்லிவிட்டார். அப்படியானால் அந்தப் பக்கம் இருப்பவர் யார்? ரசிகனின் மனம் தானாகவே கணக்குப் போட்டு விடை சொல்லிவிடுகிறது. ஒரு நடிகையைக் காட்டிக்கொடுத்து, அந்த வெளிச்சத்தின் நிழலில் இன்னொரு நடிகையை ஒளித்துவைத்தார்கள். ‘அசல்’ டைலராக வந்தவர் ஷார்லட் மில்சர்ட் என்ற ஆங்கில நடிகை. படத்திலேயே நல்ல நடிப்பு அவருடையதுதான். அதற்காக அவரைப் பாராட்டக்கூட வழி வைக்கவில்லை. நடித்தார் என்று ஒப்புக்கொண்டால்தானே பாராட்டுவதற்கு!

இதுவும் போதாதென்று இயக்குநரே சாப்மன் பல்கலைக்கழகத்தின் பெயரைத் திரையில் போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, கனத்த முகத்தோடு அந்த அம்மாளைப் பேட்டி காண்கிறார். கேள்வியும் அவர் கைச்சரக்கு, பதிலும் அவர் கைச்சரக்கு.

சரி, டிக்கெட் எடுத்தவனுக்குக் கிடைத்தது என்ன? ஒரு வேற்றுக்கிரகவாசியின் சுண்டுவிரலைக்கூட இந்தப் படம் காட்டவில்லை. அது வரப்போகிறது என்கிற கணத்தில் ‘அசல்’ வீடியோ கோடு கோடாகக் கலங்கிவிடும், ஒலி கரகரக்கும், திரும்பத் தெளியும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஒளிவருடங்களைக் கடந்து வந்தவர்களுக்கு ஒரு வீடியோ கேமராவோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. வருகிறவர்கள் பேசுவதோ சுமேரிய மொழி. கெட்டிக்காரத்தனமான தேர்வு. அதைத் தாய்மொழியாகப் பேசி, உச்சரிப்பு தப்பு என்று சண்டைக்கு வர இன்று உலகில் ஆளில்லை.

விளம்பரம் ஒன்று, படம் வேறு என்பது ஹாலிவுட்டில் புதிதல்ல. 2002இல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த ‘சோலாரிஸ்’ படத்தை ஜார்ஜ் குளூனியின் காதல் படம்போல விற்றார்கள். துக்கத்தையும் நினைவையும் பற்றிய மெதுவான விண்வெளிப் படத்துக்குள் மாட்டிக்கொண்ட ஜனங்கள், வாசலில் கருத்துக் கேட்ட சினிமாஸ்கோர்காரர்களிடம் ‘எஃப்’ போட்டுவிட்டுப் போனார்கள். அது ஏமாற்று, ஆனால் வியாபார ஏமாற்று. படமாவது நல்ல படம், தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க முடியாததற்குக் காரணம், தியேட்டருக்கு வெளியே செய்த வேலை.

படம் பார்த்தவன் வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? நிஜமா என்று தேடிப் பார்ப்பான். அப்படித் தேடுகிறவன்தான் கொஞ்சம் விவரமானவன், எதையும் சரிபார்த்துவிட்டு நம்புகிறவன். அவனுக்காகவே இணையத்தில் தனியாக ஒரு வலை விரித்திருந்தார்கள். அலாஸ்காவின் உளவியல் மருத்துவ ஆய்விதழ் என்ற பாவனையில் ஒரு தளம். அதில் டாக்டர் டைலரைப் பற்றிய விவரம். படம் வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தத் தளமே முளைத்திருந்தது. அதோடு செய்திக் கட்டுரைகள், மரண அறிவிப்புகள். ஃபேர்பேங்க்ஸ் டெய்லி நியூஸ்-மைனர் போன்ற, நிஜமாகவே அச்சாகிற அலாஸ்காப் பத்திரிகைகளின் பெயரில், அந்தப் பத்திரிகைகள் எழுதாத செய்திகள். பிறக்காதவர்களுக்கு இரங்கல் குறிப்பு எழுதிய ஒரே சினிமா விளம்பரத் துறை இதுவாகத்தான் இருக்கும்.

ஆங்கரேஜ் நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் விசாரித்துப் பார்த்தார்கள். அபிகெயில் டைலர் என்ற பெயரில் யாருக்கும் அலாஸ்காவில் தொழில் உரிமம் கிடையாது. அங்குள்ள மனநல மருத்துவமனைப் பொறுப்பாளருக்கும் உளவியலாளர் சங்கத்துக்கும் அப்படி ஒருவரைத் தெரியாது. ஒரு சில தொலைபேசி அழைப்புகளில் சரிந்துவிடும் பொய். ஆனால் யார் அந்த அழைப்பைச் செய்யப்போகிறார்கள் என்பது ஸ்டூடியோவின் கணக்கு.

சினிமாதானே, நம்பச் சொன்னது யார் என்று கேட்கும் புத்திசாலிகள் எப்போதும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: ஏமாளியை ஏமாற்ற மில்லா ஜோவோவிச் ஒருவரே போதும். போலி ஆய்விதழும் போலிப் பத்திரிகைச் செய்தியும் ஏமாளிக்காகச் செய்யப்படுவதில்லை, சந்தேகப்படுகிறவனுக்காகச் செய்யப்படுபவை. விஷயத்தைச் சரிபார்க்க அவன் கைநீட்டும் இடத்திலேயே முன்கூட்டிப் போய் உட்கார்ந்துகொள்வதற்குப் பெயர் கதைசொல்லல் என்றால், கள்ளநோட்டு அடிப்பவனுக்கும் ஓவியக் கலைஞன் என்று விருது கொடுக்க வேண்டும்.

1938இல் ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பை வானொலியில் செய்திபோல ஒலிபரப்பியதை உடனே எடுத்து நீட்டுவார்கள். அந்த நிகழ்ச்சி தொடங்கும்போதே இது நாடகம் என்று அறிவித்தார்கள். மறுநாள் வெல்ஸ் நிருபர்கள் முன்னால் நின்று வருத்தமும் தெரிவித்தார். 1999இல் ‘தி பிளேர் விட்ச் புராஜக்ட்’ மூன்று மாணவர்கள் காட்டில் காணாமல் போனதாகச் சுவரொட்டி ஒட்டி விற்றது. அதுவும் பொய்தான். ஆனால் காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட மூவரும் உயிரோடிருந்த நடிகர்கள், தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தவர்கள். யாருடைய சாவையும் அவர்கள் இரவல் வாங்கவில்லை.

நோமில் இரவல்தான் வாங்கினார்கள். கேட்காமல் வாங்கினார்கள்.

நோம் நிஜமான ஊர். பெரிங் கடலோரத்தில், மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் ஜனங்கள். 1898இல் பக்கத்து ஓடையில் தங்கம் கண்டெடுத்ததால் உண்டான ஊர். நாய்ச்சறுக்கு வண்டிகள் ஓடும் இடிடராட் பந்தயம் வந்து முடிகிற ஊர். ஆங்கரேஜிலிருந்து அங்கே போக சாலை கிடையாது, விமானம்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் தீவுகளிலும் இனுபியாக், யூபிக் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மருத்துவமனைக்கும் கடைகண்ணிக்கும் அரசாங்கக் காரியத்துக்கும் அவர்கள் நோமுக்குத்தான் வந்தாக வேண்டும். கிராமங்கள் பலவற்றில் மது விற்கக் கூடாது, சிலவற்றில் வைத்திருக்கவே கூடாது. நோமின் ஃபிரண்ட் ஸ்ட்ரீட்டில் வரிசையாக மதுக்கடைகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் கடல். வந்த இடத்தில் குடித்துவிட்டு, தங்க இடமில்லாமல், உறைபனி இரவில் தள்ளாடி நடக்கிற மனிதன் எந்தப் பக்கம் போனான் என்று மறுநாள் சொல்ல ஆளிருக்காது. பனியும் கடலும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

1960களிலிருந்து இப்படி ஆட்கள் செத்தும் காணாமலும் போனார்கள். பெரும்பாலும் அந்த மண்ணின் மக்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து நோமுக்கு வந்தவர்கள். தொடர் கொலைகாரன் ஒருவன் உலவுகிறானோ என்று குடும்பங்கள் பயந்தன. கடைசியில் எஃப்பிஐ வந்து ஏறக்குறைய இரண்டு டஜன் வழக்குகளைப் புரட்டிப் பார்த்தது. பலவற்றில் பொதுவாக இருந்தவை மிதமிஞ்சிய குடியும் குளிரும் என்றது. ஒன்பது பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

இந்த முடிவு எல்லோர் வயிற்றிலும் இறங்கவில்லை. இறங்காததற்கு நியாயம் இருந்தது. 2003இல் நோமில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். பழங்குடிக் குடும்பத்துப் பெண். கொன்றவன் அந்த ஊர்ப் போலீஸ்காரன் என்று 2005இல் நீதிமன்றத்தில் நிரூபணமானது. காணாமல் போனால் யாரிடம் போய்ப் புகார் சொல்ல வேண்டுமோ அவனே கொலைகாரனாக இருந்த ஊர். திகில் படம் எடுக்க ஆசைப்பட்டவனுக்கு இதைவிடக் கரு வேண்டுமா? ஆனால் அதை எடுக்கத் துணிவு வேண்டும், அந்த மக்களின் வாசற்படியில் போய் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். ஆந்தை மலிவு.

படமோ இந்தக் காணாமல் போனவர்களை வேற்றுக்கிரகவாசிகளின் கணக்கில் எழுதியது. ஆக, பிள்ளையைப் பறிகொடுத்து, உடலும் கிடைக்காமல் பல வருடங்களாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு ஹாலிவுட் சொன்ன சேதி: உங்கள் பையனைப் பறக்கும் தட்டு தூக்கிக்கொண்டு போய்விட்டது, பாப்கார்ன் வேண்டுமா? நோமில் பழங்குடி மக்களுக்காக இயங்கும் கவராக் என்ற அமைப்பின் நிர்வாகி ஒருவர், காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய அக்கறை இந்தப் படத்துக்கு இல்லை என்று வருத்தப்பட்டார். வருத்தத்துக்கெல்லாம் விளம்பர பட்ஜெட்டில் கட்டம் கிடையாது.

அந்த ஊரையாவது படத்தில் காட்டினார்களா? படப்பிடிப்பு பல்கேரியாவிலும், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்குவாமிஷ் பகுதியிலும் நடந்தது. படத்து நோமில் ஓங்கிய மலைகளும் அடர்ந்த மரங்களும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. நிஜ நோம் மரமே இல்லாத துந்திரா வெளி. கடத்தப்படுகிறவர்கள், கதறுகிறவர்கள், ஆராய்கிறவர்கள், துப்பாக்கி தூக்குகிறவர்கள் என முக்கியப் பாத்திரங்களில் ஒருவர்கூட அந்த மண்ணின் மக்கள் இல்லை. செத்தவர்கள் அவர்கள், செத்ததற்காக அழும் வேடம் மட்டும் வேறு ஆட்களுக்கு. அவர்களை உண்மையிலேயே கடத்தியது யார் என்று கேட்டால் எனக்கு விண்வெளிப் பக்கம் கை நீளவில்லை, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்தான் நீள்கிறது.

கடைசியில் நீதி கிடைத்தது. படம் வெளியான ஆறாவது நாள், நவம்பர் 12. போலிச் செய்திகளையும் மரண அறிவிப்புகளையும் தாங்களே உருவாக்கியதாக யுனிவர்சல் ஒப்புக்கொண்டு, பத்திரிகைகளோடு சமரசத்துக்கு வந்தது. அலாஸ்கா பிரஸ் கிளப்புக்கு 20,000 டாலர், ஒரு கல்வி உதவித்தொகை நிதிக்கு 2,500 டாலர். பத்திரிகைகள் கேட்டது சரிதான், அவர்கள் பெயரை யாரும் திருடக் கூடாது. ஆனால் அந்த ஆறு நாளைக்குள் படம் முதல் வார இறுதி வசூலை எண்ணி முடித்துவிட்டது. அதே நவம்பர் 12இல் தியேட்டர்களில் ஜோவோவிச் முகத்துக்கு நேரே நின்று அசல் வீடியோ என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவரை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம், உலகமெங்கும் 4 கோடியே 70 லட்சம் டாலருக்குமேல் வசூலித்தது. பிரஸ் கிளப்புக்குக் கொடுத்த பணத்தை வசூலால் வகுத்துப் பாருங்கள். நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு நாலு பைசா. ஒரு பொய்க்கான வரி இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு எந்த ஸ்டூடியோக்காரன் உண்மை பேசிக் கெட்டுப்போவான்? அவர்கள் இதை அபராதக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள், போஸ்டர் ஒட்டிய செலவோடு சேர்த்திருப்பார்கள்.

பத்திரிகைக்குப் பெயர் இருந்தது, பெயருக்கு உரிமை இருந்தது, உரிமைக்கு வக்கீல் இருந்தார். ஃபிரண்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து இருட்டுக்குள் நடந்துபோய்த் திரும்பாதவனின் சாவுக்கு எந்த அலுவலகத்திலும் உரிமைப் பதிவு கிடையாது. அந்த ஒன்பது குடும்பங்களுக்கு நாலு பைசாவிலும் பங்கு வரவில்லை.