பானட் திறந்தால் வருபவர்

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டும், சாவுக்குச் சொல்லிவிட வேண்டும். பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கும் வண்டிக்கு இரண்டும் வேண்டாம். அவரே வருவார்.

எங்கிருந்து வருகிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஆள் நடமாட்டமே இல்லாத புளியமரத்தடியில் வண்டி நின்றாலும், ஐந்தாவது நிமிடம் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் சகிதம் பக்கத்தில் நிற்பார். வந்தவுடன் பேச மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இஞ்சினை ஒரு பார்வை பார்ப்பார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெரிய மாமா பலகாரத் தட்டைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு ஒரே கேள்வி:

“பேட்டரி பாத்தீங்களா?”

பஞ்சரான வண்டியிடமும் இதே கேள்விதான்.

சொந்தமாக அவரிடம் இருப்பது ஒரு பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி. அது பெரும்பாலும் மெக்கானிக் கடையில்தான் இருக்கும். ஆனாலும் அடுத்தவர் வண்டி என்றால் அவருக்குத் தெரியாத நட்டு கிடையாது. நாமக்கல் மாவட்டத்தில் இந்த இனம் கொஞ்சம் அடர்த்தியாகவே விளைகிறது. மண்வாகு அப்படி. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட இந்தியா முழுக்கப் போகின்றன. தெருவுக்கு ஒரு டிரைவர், ஒரு வெல்டர், ஒரு லாரி ஓனர் கட்டாயம் உண்டு. ஆகவே நம்மவருக்கு ஒரு மச்சானும் கட்டாயம் உண்டு. “எங்க மச்சான் பாடி பில்டிங்ல இருக்கறாப்ல” என்று ஆரம்பித்துவிட்டால், மச்சானின் முப்பது வருட அனுபவம் தங்கையோடு சேர்த்து இவர் வீட்டுக்குச் சீர்வரிசையாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன மார்கழியில் இவரை நான் கொல்லிமலைச் சோளக்காட்டில் தரிசித்தேன்.

அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறி, கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலத் தொங்கிக்கொண்டிருந்த நேரம். என் மைத்துனருடைய வேனில் பன்னிரண்டு பேர். இருட்டுகிறது, தூறல் வேறு, மூடுபனி. குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். பன்னிரண்டு பேர் மூச்சும், அருவியில் நனைந்த துணிகளின் ஈரமும் போக வழியில்லாமல் முன் கண்ணாடியில் போய் உட்கார்ந்தன. உள்பக்கம் பாலை ஊற்றினாற்போல வெளுத்துவிட்டது. டிரைவர் தம்பி துண்டால் துடைத்தான். துடைத்த இடம் அடுத்த திருப்பத்துக்குள் மறுபடி வெளுத்தது. ஹீட்டர் ஃபேன் சுவிட்சை ஒரேயடியாகக் கடைசி வரை திருகினான். மூச்சுப் பேச்சில்லை.

ஹீட்டர் ஃபேன் என்பது நம் சமவெளிக்காரர்களுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா மாதிரி. இருக்கிறார் என்று தெரியும், என்ன செய்கிறார் என்று தெரியாது. இஞ்சினில் சூடான தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. ஃபேன் அதன் வழியே காற்றை ஊதுகிறது. விஷயம் அவ்வளவுதான். நாமக்கல் வெயிலுக்கு இது எதற்கு என்று அந்தத் தண்ணீர் ஹோஸையே கழற்றி எறிந்துவிடும் பட்டறைகள் உண்டு. ஆனால் பழைய டிரைவர்கள் அதைத் தொடவிட மாட்டார்கள். ஏற்றத்தில் சூடு காட்டும் முள் மேலே போனால் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுவார்கள். இஞ்சின் குளிரும், ஆட்கள் வேகுவார்கள். சித்திரையில் அப்படி ஒருமுறை கொல்லிமலை ஏறினால், இட்லி படும் பாட்டைக் கொப்பரைக்குள் இருந்தே தெரிந்துகொள்ளலாம். மார்கழியில் அதே சூட்டுக்காற்றுதான் கண்ணாடி ஈரத்தை விரட்ட வேண்டும். அது இல்லாமல் இறங்க வேண்டியது எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் எழுபது.

டீக்கடை ஓரம் வண்டியை ஒதுக்கினோம். ஃபேன் இருப்பது இடது பக்கம், டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால். பானட்டைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. அதனால் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வந்ததும், “பானட்டைத் தூக்குங்க” என்றார்.

“ஃபேன் உள்ளார இருக்குதுங்கண்ணா.”

“இருக்கட்டும் தம்பி, நீ தூக்கு. பேட்டரி பாத்தீங்களா?”

ஹெட்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பெரியவர், மனசு நோகக் கூடாது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் புகையிலைதான் கேட்கும் என்றார். இரண்டும் மழைக்கு வெளிப்பக்கம் தேய்க்கிற வைத்தியம். இங்கே நோயோ உள்பக்கம். ஒரு பையன் செல்போனில் வீடியோ தேடினான். இவன் அவருடைய இளைய தலைமுறை. மலையில் சிக்னல் கிடைக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீக்கடை அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிள்ளி நீட்டினார். லேசாகப் பூசித் துடைத்தால் கண்ணாடி கொஞ்ச நேரம் வெளுக்காது. அன்றைக்கு வந்த யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஷாம்பில் காரியம் முடிந்துவிட்டால் அப்புறம் அவர் எதற்கு?

ஃபியூஸ் போயிருந்தது. இதை உண்மையிலேயே அவர்தான் கண்டுபிடித்தார், வஞ்சகமில்லாமல் சொல்லிவிடுகிறேன். உடனே சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகிவிடலாம் என்றார். எங்கள் டிரைவர் சாது. ஆனால் அந்த இடத்தில் அசையவில்லை. “வேணாங்கண்ணா. ஃபியூஸ் போறதுக்குப் பதிலா வொயரு உருகி வண்டியே எரிஞ்சு போயிரும்.” ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் அதே 30 ஆம்பியரில் இரண்டு ஸ்பேர் இருந்தன. ஒன்றைப் போட்டுச் சுவிட்சைத் திருகினான். அதுவும் போனது.

“பாத்தீங்களா?” என்றார் அவர், ஜெயித்த குரலில். எதைப் பார்க்கச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய், புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றதாகப் புறநானூற்றில் வருகிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலையும் இருக்கிறது. நம்மவர் கையில் ஒரே ஸ்குரூ டிரைவர். அது டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, அதற்குக் கீழிருந்த தகட்டை உருவி, ரேடியோவை ஆட்டம் காணவைத்து, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆஷ்ட்ரேயைப் பிடுங்கி, தம்பியின் கட்டைவிரலில் போய் நின்றது.

அதற்குப் பிறகு உள்ளே இறங்கியது அவர் இல்லை. இந்த இனத்தின் தலையாய குணம், குனியாமை. தம்பிதான் காலை சீட்டிலும் தலையைத் தரையிலும் வைத்துச் சிரசாசனத்தில் கிடந்தான். அவர் வெளியே நின்று டார்ச் அடித்தார். டார்ச் டீக்கடையுடையது. வெளிச்சம் முக்கால்வாசி நேரம் தம்பியின் முழங்காலில் விழுந்தது.

“அதத் திருகு. அதில்ல, அதுக்கு அந்தாண்ட. ஆங், அதான். சேச்சே, அதில்ல.”

கடைசியில் ஃபேன் கழன்று கையோடு வந்தது. உள்ளே ஓர் எலிக்கூடு. பஞ்சு, சீட்டு நுரை, கடலைத்தோல், எந்தக் கோவிலிலோ வாங்கிய அர்ச்சனைச் சீட்டு, அப்புறம், தொலைந்துபோனது என்று போன வருடம் வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பிய இன்சூரன்ஸ் நகல், பாதி மட்டும். மைத்துனர் அந்தப் பாதியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்டால் மோட்டார் கரண்டை அளவுக்கு மீறி இழுக்கும். இழுத்திருக்கிறது, ஃபியூஸ் போயிருக்கிறது.

“நான் அப்பவே நெனச்சேன், எலின்னு” என்றார் அவர்.

கூட்டைச் சுரண்டி எடுத்து, மாட்டி, மிச்சமிருந்த ஃபியூஸைப் போட்டதும் ஃபேன் அலறிக்கொண்டு ஓடியது. ஆனால் நாலாம் நம்பரில் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்றில் சத்தமே இல்லை. கீழ் வேகங்களுக்குக் கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெலிந்து போகிறது, நாலாவதற்கு நேர் வழி. அந்த ரெசிஸ்டரைக் குளிர வைப்பதும் இதே ஃபேன் காற்றுதான். எலி காற்றை அடைத்த அன்றே அது கருகத் தொடங்கியிருக்க வேண்டும். அவரிடம் வேறு விளக்கம் இருந்தது.

“மலைக்கு நாலுதானுங்க சார் வேணும். மத்த மூணும் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டது.”

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. இவர்கள் யாருமே வாங்க மாட்டார்கள். டீ மட்டும், அதுவும் நாம் வற்புறுத்தினால், இரண்டு வடையோடு. குடித்து முடித்துக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, “பஸ்ஸும் போயிருச்சு. காரவள்ளி வரைக்கும் வாரேன். ஃபேன் சத்தத்த யாராச்சும் கேட்டுக்கிட்டே இருக்கோணும்ல?” என்றபடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அது என் சீட்டு. நான் பின்னால் போய் அன்னாசிப் பழ மூட்டைமேல் உட்கார்ந்தேன். அது உட்காரத் தோதான பழம் இல்லை.

கண்ணாடி துல்லியமாக இருந்தது. நாலாம் நம்பர் சூட்டில் பன்னிரண்டு பேரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவதாகச் சொன்னவர் ஏழாவது வளைவில் குறட்டை விட ஆரம்பித்தார். அந்தக் குறட்டைக்கு முன்னால் ஃபேன் சத்தம் எடுபடவில்லை.

காரவள்ளியில் இறங்கும்போது சட்டைப் பையைத் துழாவி மூன்று ஸ்குரூக்களை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

“இது மிஞ்சிப் போச்சுங்க சார். பத்திரமா வச்சுக்கங்க.”

மறு வாரம் ரெசிஸ்டர் மாற்றப் பட்டறைக்குப் போனோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். பத்து நிமிட வேலை. பத்திரமாக வைத்திருந்த ஸ்குரூக்களை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் டப்பாவைச் சுற்றிப் பார்த்தார், ஸ்குரூவைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

“இங்க மூணு ஓட்டை காலியாத்தான் இருக்குதுங்க சார். ஆனா இது இந்த வண்டியோடது இல்லீங்களே.”

“பின்னே?”

வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். “ரெண்டு மிக்ஸியோடது. இது ஒண்ணு தையல் மெஷினுங்க.”