பேர் வெட்டக் காசு

ஏலே தம்பி, உக்காரு. பொங்கல் கபடிப் போட்டிக்குச் சுழற்கேடயம் செய்யணுமா? நல்ல காரியம். படம் வேற வரைஞ்சு கொண்டாந்திருக்கியே! உச்சியில உபயதாரர் பேரு ஒரு சாண் உசரம். ஜெயிச்ச பயலுவளுக்கு அடியில ஒரு விரக்கடை. சரியாத்தாம்ல போட்டிருக்க. புழுதியில புரண்டு முட்டி தேஞ்சவனைவிட, ஒருதரம் பைக்குள்ள கையை விட்டவருக்குத்தான மூச்சு வாங்கும்?

அதனால அவரு தகட்டைப் பெரிசாவே வைப்போம். ஆனா பசை போட்டு ஒட்ட வேண்டாம், நாலு மூலையிலயும் ஸ்குரு. மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், பித்தளை அதுக்கு வளைஞ்சு கொடுக்காது, பசை விட்டுரும். இது ஊருக்குச் சொல்லுத காரணம். நெசக் காரணம் அடுத்த தேர்தல். அவரு எந்தக் கட்சியில இருப்பாரோ, நீங்க எந்தக் கட்சியில இருப்பியளோ! கழத்த வசதியா இருக்கணும்லா.

நம்ம அம்பாசமுத்திரத்துல மரவேலைன்னா எல்லாரும் சொப்புச் சாமானைத்தான் நினைப்பாவ. மஞ்சக்கடம்பைக் கடைசல்ல சுத்தவிட்டு அரக்கை அழுத்துனா, அந்தச் சூட்டுலயே சாயம் உருகி ஏறும். தாழை மடலை வச்சுத் தேச்சா மினுங்கும். புவிசார் குறியீடே வாங்கிட்டு. ஆனா கேடயம் பட்டைப் பலகைலே, அதைக் கடைசல்ல சுத்த முடியாது. உளியும் கொட்டாப்புளியும் பிடிக்கணும். ஓரத்துக்கு வேணா நாலு குமிழ் கடைஞ்சு வைப்போம். பலகைக்கு நல்லாக் காஞ்ச தேக்கு வாங்கு. பச்சை மரம்னா பரிசு கொடுக்க அன்னைக்கு நிமிந்து நிக்கும், அடுத்த பொங்கலுக்கு உங்க விழாக் கமிட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் கோணிக்கிடும்.

பித்தளை ஸ்குருவை எடுத்த எடுப்புல முறுக்கினா தலை முறிஞ்சிரும். துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குருவை ஏத்தி வழி பண்ணி, அதைக் கழத்திட்டுத்தான் பித்தளையை விடணும். பாடுபட ஒருத்தன், மினுக்க ஒருத்தன். உங்க குழுவுல பாக்காததா?

பேர் வெட்டுத வேலை தகடு மரத்துல ஏறுததுக்கு முன்னாடியே முடிஞ்சிரணும். பாத்திரக் கடையில குடத்துக்குப் பேர் வெட்டுத ஆளுகிட்ட வாயால சொல்லிட்டு வந்திராத. ஒரே குழுவுல மூணு இசக்கிமுத்து, ரெண்டு சொரிமுத்து இருப்பானுவ. இனிஷியல் மாறுச்சுன்னா மேலத்தெரு ஜெயிச்சதைக் கீழத்தெருக்காரன் கொண்டு போயிருவான். அவனவன் கையாலயே எழுதி வாங்கி, கீழ கையெழுத்தும் வாங்கிக்க. வெட்டுன எழுத்துல கறுப்பு ஏத்தி, மேல லாக்கர் அடிச்சிரு. இல்லைன்னா சரஸ்வதி பூசைக்கு உங்கம்மா புளியைப் போட்டு விளக்கிருவா. தகடு பளபளங்கும், புளித்தண்ணி இறங்குன மரம் திட்டுத் திட்டா நிக்கும்.

எத்தனை தகட்டுக்கு இடம் விட்டிருக்க? பத்தா? டேவிஸுன்னு ஒரு அமெரிக்காக்காரரு 1900-ல டென்னிசுக்கு வெள்ளிக் கிண்ணம் ஒண்ணு கொடுத்தாரு. பேர் வெட்ட இடம் பத்தாமப் போயி, 1921-ல அவரே கீழ வைக்க ஒரு தட்டும் கொடுத்தாரு. அதுவும் நிறைஞ்சு, பிறகு மரப் பீடமா அடுக்குனாவ. நீ முப்பதுக்கு இடம் விடு. முப்பது வருசம் குழு உடையாம இருக்குமான்னு எங்கிட்ட கேக்காத. நான் தேக்குக்குத்தான் உறுதி சொல்லுவேன்.

இப்ப நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. அடுத்த வருசம் ஜெயிச்சவன் பேர் வெட்ட யாரு காசு? முழிக்கியே! எத்தனையோ கேடயத்தைப் பாத்தாச்சு. முதல்ல ரெண்டு மூணு வருசம் பேரு இருக்கும், பிறகு மொட்டைத் தகடு. ஆட்டம் நின்னிருக்காது, காசுதான் நின்னிருக்கும்.

எரிச்சாவுடையார் கோவிலுக்குப் போயிருக்கியா? பிரகாரத்துல செல்பி எடுத்தது போதும், கல்வெட்டைப் பத்தியும் நாலு பேருகிட்ட கேளு. ஒன்பதாம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் வட்டெழுத்துல வெட்டி வச்சது. அன்னைக்கு நம்மூரு பேரு இளங்கோக்குடி. சாமி படையலுக்கு 290 காசைச் சபையார் கையில கொடுத்தான். முதல் பணத்துல கை வைக்கக் கூடாது, காசுக்கு ரெண்டு கலம் வட்டி, வருசத்துக்கு 580 கலம் நெல்லு அளக்கணும். அரிசி, நெய், தயிருன்னு வெத்தலை பாக்கு வரைக்கும் கணக்கு உண்டு. பேருக்குப் பேரும் ஆச்சு, நாளைப்பாட்டுக்கு வழியும் ஆச்சு.

அதனால உபயதாரருகிட்டப் போயி, "அண்ணாச்சி, இந்த ஊருல வரகுண பாண்டியனுக்கு அப்புறம் நீங்கதான்"னு ஆரம்பி. மனுசன் குளிந்து போவாரு. அந்தக் குளிர்ச்சி விடுததுக்குள்ள, கூட்டுறவு வங்கியில பேர் வெட்டுத செலவுக்குன்னு ஒரு டெபாசிட் போடச் சொல்லு. ரசீது செயலாளர், பொருளாளர் ரெண்டு பேரு பேருலயும் இருக்கட்டும். ரெண்டு பேரும் பேசிக்கிடாதவனுவளாப் பாத்துப் போடு, பணம் பத்திரமா இருக்கும்.

என் கூலியில பாதியை இப்ப வச்சிட்டுப் போ. உபயதாரர் தருவாருன்னு அங்க கை காட்டாதல. பாண்டியனே காசை எண்ணி வச்ச பிறகுதான் கல்லுல உளி விழுந்திருக்கும். என்ன தலையைச் சொறியுத? மேல் பையில துருத்திக்கிட்டு இருக்குலா, அதை எடு.