ஸ்பிட்ஃபயர் மாப்பிள்ளைக்கு லேத்துக்கார மாமனார் சொல்வது

வாங்க மாப்ள. அந்த லேப்டாப்பை லேத் மேல வெக்காதீங்க, எண்ணெய் புடிச்சிரும். இக்கட்டால ஸ்டூல் மேல வெய்யுங்க. ம்... படம் ஜோரா இருக்குதுங்க. விரலை இழுத்தா சுத்துது, கிள்ளுனா பெருசாகுது, நட்டு ஒண்ணொண்ணும் தனித்தனியாப் பறந்து போயி மறுபடியும் வந்து ஒட்டிக்குது. இந்தக் கணபதி ஏரியாவுல லேத் போட்ட நாள்ல இருந்து என்ற கையில ஒரு நட்டு இப்படி அடக்கமாப் பறந்ததில்லீங்க. பறந்தா நேரா நெத்திக்குத்தான் வரும்.

கார் என்னமோ இன்னும் பொடக்காளியில நாலு கட்டை மேலதான் நிக்குது. அது கெடக்குது உடுங்க. கார் ஓடோணும்னு அவசரப்படறவன் ஸ்பானரை எடுப்பான். உங்களுக்கு அந்தச் சின்னப் புத்தி இல்லீங்க. ‘டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3, 1296 சிசி’ன்னு வாயாரச் சொல்றப்பவே நீங்க ஊட்டி போயிட்டு வந்தர்றீங்க. பெட்ரோல் செலவும் மிச்சம். முன்பக்கம் மொத்தமும் ஒரே பானெட்டுங்களாமா, அப்படியே முன்னாடி சாய்ச்சுட்டு டயர் மேல உக்காந்து வேலை பாக்கலாமாமா. உக்காந்துக்கறீங்க, நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்க ஸ்பிட்ஃபயருக்கு ஒறம்பரை யாருன்னு விசாரிச்சீங்களா? பொண்ணு எடுக்க வந்தப்ப எங்க தாத்தனோட பங்காளி வரைக்கும் விசாரிச்சவங்க உங்க ஊட்டுக்காரங்க. காருக்கு மட்டும் ஏன் உட்டுட்டீங்க? 1959ல இங்கிலாந்துக்காரன் ஹெரால்டுன்னு ஒரு குடும்பக் காரை எறக்குனான். அதுக்குப் படம் போட்டவர் மிக்கலாட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். அந்த ஹெரால்டோட சேசிஸை எட்டரை இஞ்சு குறுக்கி, மேல ரெண்டு சீட்டு பாடி வெச்சு, அதே மிக்கலாட்டி கையால 1962ல வெளிய வந்ததுதான் உங்க ஸ்போர்ட்ஸ் காரு. முன்சக்கர சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ரேக்கு, பின்னால குறுக்கால கெடக்கற லீஃப் ஸ்பிரிங்கு, எல்லாம் ஹெரால்டு ஊட்டுச் சீருங்க. அதே ஹெரால்டை 1961ல இருந்து நம்ம மெட்ராசுல ஸ்டாண்டர்டு கம்பெனி பண்ணுச்சு. டாக்டருங்களும் வக்கீலுங்களும் ஓட்டிட்டுத் திரிஞ்சாங்க. நீங்க சீமைத் துரைசாணின்னு கொண்டாடற புள்ளைக்கு வண்டலூர்ப் பக்கம் பெரியப்பன் ஊடு இருந்துச்சு. பெரியப்பன் ஊட்டுச் சாமான் எங்காச்சும் கெடைக்குமான்னு ஒரு எட்டு போயி விசாரிக்காம, அந்தப் புள்ளைக்கு எலும்பையே புதுசாப் பண்றேன்னு கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டீங்களே, அதுதானுங்க எனக்குப் புரியலை.

செரி, அந்தப் பையில என்ன கனமா இருக்குது? எடுங்க. ஓ, ட்ரனியனா! எஸ்.எஸ்.ல கடைஞ்சிருக்கீங்களே! மூஞ்சி தெரியுது. மீசைக்குக்கூட இதைப் பாத்தே மை போட்டுக்கலாம்.

இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் பெருசு நான் ஒருக்காச் சொல்லிப் பாக்கறேன். முன்சக்கரத்தைத் தாங்கற இரும்புத் தண்டு, வெர்டிகல் லிங்க்குன்னு சொல்றாங்க, அதோட கீழ் மொனை மரை போட்டிருக்கும். அந்த மரை இந்த ட்ரனியனுக்குள்ள எறங்கி உக்காந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒடிக்கறப்பெல்லாம் தண்டு மரையிலயே திரும்புது. முன்பக்கத்துக் குலுக்கல் அத்தனையும் அந்த மரைமேலதான். ட்ரனியனை வெங்கலத்துல வெச்சதுக்குக் காரணம் துட்டு இல்லாம இல்லீங்க. இரும்பும் வெங்கலமும் ஒண்ணோட ஒண்ணு தேய்ஞ்சா வெங்கலம் தேயும், தண்டு தப்பிக்கும். நீங்க என்னடான்னா தேயவே கூடாதுன்னு எஸ்.எஸ். போட்டுட்டீங்க. இனி தேய வேண்டியது தண்டு. இல்லீன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு உட மாட்டேன்னு நிக்கும், ஸ்டீயரிங்கு உங்க பேச்சுக் கேக்காது. துருப்பிடிக்காதுங்க, அது வாஸ்தவம். ஓடாத காருக்குத் துரு ஒரு கவலைதான்.

அளவு எதுல எடுத்தீங்க? பழசை ஸ்கேன் பண்ணுனீங்களா! ஸ்கேனர் பொய் சொல்லாதுங்க, அதுதான் அதோட கெட்ட பழக்கம். அறுபது வருசத் தேய்மானத்தை முடி அளவு உடாம அப்படியே எடுத்துக் குடுத்திருக்குது. நீங்க அதைப் பளபளன்னு புது உலோகத்துல கடைஞ்சிருக்கீங்க. பழசு தேயறதுக்கு அறுபது வருசம் புடிச்சுது, நீங்க தேய்ஞ்சதையே நேரா உற்பத்தி பண்ணிட்டீங்க. எங்க காலத்துல இந்த வசதி இல்லீங்க. தண்டோட மரையில தேயாத எடம் எங்கீன்னு பாத்து, பிட்ச் கேஜை வெச்சு, ‘இவன் புதுசா இருந்தப்ப என்னவா இருந்திருப்பான்’னு யோசிச்சு அளவு போடுவோம். பழைய சாமானை அளந்தா பாதி; அது யாருகூட உக்காந்து இருந்துச்சோ அவனையும் அளந்தாத்தான் முழுசு.

இன்னொண்ணு. வலது பக்கத்துக்கு வலமரை, இடது பக்கத்துக்கு இடமரை. அதைக் கண்டுபுடிச்சிட்டீங்க, சபாஷ். கம்ப்யூட்டர்ல கண்ணாடிப் பொத்தானை அமுக்குனதும் மரை செரியாத் திரும்பிருச்சு. கூடவே பழசு மேல இருந்த நம்பரும் திரும்பிருச்சு பாருங்க. இதைப் படிக்கோணும்னா அம்மிணியோட கைக்கண்ணாடியை வாங்கிட்டு வரோணும்.

இத்தனைக்கும் இந்த ட்ரனியன் கெட்ட பேரு வாங்குனது அதோட தப்பே இல்லீங்க. கம்பெனிக்காரன் புஸ்தகத்துல தெளிவா எழுதியிருக்கறான்: இதுக்குக் கிரீஸ் இல்லை, எண்ணெய், கியர் பாக்ஸுக்கு ஊத்தற 90 நம்பர் மாதிரிக் கெட்டி எண்ணெய். ஆனா நிப்பிளைப் பாத்தா மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது, கிரீஸைத்தான் அமுத்துவான். கிரீஸு மேலயே அடைச்சுக்கும், அடி மரைக்கு எறங்காது. மழைத்தண்ணி மட்டும் எப்படியோ எறங்கிரும். தண்டு உள்ளுக்குள்ளயே அரிச்சு, கோடு உழுந்து, ஒரு நாள் பார்க்கிங்ல ஸ்டீயரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிக்கறப்ப டக்குன்னு முறியும். சக்கரம் மடங்கிப் படுத்துக்கும். மெதுவாப் போறப்ப நடந்தா மானம் போகும், வேகத்துல நடந்தா நான் சொல்லவே வேண்டாம். ஆக, நீங்க பல மாசம் உக்காந்து டிசைன் பண்ணுன வியாதிக்கு மருந்து, கடையில அளந்து ஊத்திக் குடுக்கற எண்ணெய்.

‘மாமா, பெரிய டிசைனருங்கெல்லாம் தானாத்தான் பண்ணுவாங்க’ன்னு நீங்க மனசுல சொல்றது எனக்குக் கேக்குது. லோட்டஸ் கம்பெனி சேப்மன் தெரியுமுங்களே, ரேஸ் காருக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு பேரு. 1962ல அவர் எறக்குன எலான் காருக்கு முன்சக்கரத் தண்டுக்கு என்ன பண்ணுனாரு? டிரயம்ஃபுக்குப் போன அதே சாதிச் சாமானை வெலை குடுத்து வாங்கி மாட்டிட்டு, மூளையை வேற எடத்துல செலவு பண்ணப் போயிட்டாரு. அக்கட்ட எதுக்குப் போறீங்க, நம்ம கரிவரதன் இருந்தாரே, செட்டிபாளையம் ட்ராக்குக்கே அவர் பேரைத்தானே வெச்சிருக்காங்க. ஃபார்முலா மாருதின்னு ரேஸ் வண்டி கட்டுனப்ப என்ஜினுக்கு மாருதி 800கிட்டத்தான் போனாரு. நீங்க அவரைவிட ஒரு படி மேலன்னு அம்மிணி சொல்லிச்சு, நானும் மறுத்துப் பேசலை.

போல்ட்டுங்களையும் மாத்திட்டீங்களாட்ட இருக்குது. சஸ்பென்ஷன்லகூட எஸ்.எஸ். போல்ட்டா! தலையில என்ன அடிச்சிருக்குதுன்னு படிச்சீங்களா? ஏ2-70ன்னு போட்டிருக்கும். கறுத்துக் கெடக்குதே, இந்த இரும்பு போல்ட்டு, இதுல 8.8ன்னு இருக்கும். பலத்துல கறுப்பன்தான் ஒசத்தி. டேஷ்போர்டுல வெள்ளையனை வெய்யுங்க, பாக்கறவங்க பாக்கட்டும். சக்கரத்தைப் புடிக்கற எடத்துல கறுப்பன் இருக்கட்டும். அப்புறம் அந்த 5/16 ஓட்டையில எட்டு எம்.எம். போல்ட்டை ஏத்தியிருக்கீங்க. அது யு.என்.எஃப்., இஞ்சுக்கு 24 மரை. இதுக்கு ஒன்னேகால் எம்.எம். பிட்ச்சு. ரெண்டு சுத்து ஆசையா உள்ள போயிருக்குமே? மூணாவது சுத்துல கொஞ்சம் அடம் புடிச்சிருக்கும், நீங்க ஸ்பானருக்குப் பைப்பு மாட்டியிருப்பீங்க. அந்த ஓட்டையை எடுத்துட்டு வாங்க, ஹெலிகாயில் போட்டுப் புது மரை பண்ணித் தர்றேன். துட்டு வேண்டாம், வேடிக்கைக்கே செரியாப் போச்சு.

சுவிட்சு குமிழெல்லாம் பிரிண்டர்ல எடுத்தீங்களாமா. எதுல, பி.எல்.ஏ.வா? அது மக்காச்சோள மாவுல பண்றதுங்க. அறுபது டிகிரி சூடு வந்தா நெகிழ ஆரம்பிச்சிரும். சித்திரை வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்துன காருக்குள்ள டேஷ்போர்டு அதைத் தொட்டுட்டு வரும். கார்புரேட்டர் அடியில வெக்கற ஸ்பேசரும் அதுலயே எடுத்திருக்கீங்கன்னா நல்ல கத்திரிக்காக் கொழம்பும் கூட எடுத்துட்டுப் போங்க, களி ரெடியா இருக்கும். அளவு செரியான்னு மாட்டிப் பாக்க அந்தப் பிளாஸ்டிக்கை அடிச்சுக்க ஆளில்லை, அதுக்கு மட்டும் வெச்சுக்கங்க.

இதுவரைக்கும் சொன்னது சிரிச்சுட்டு. இப்ப சொல்றது சிரிக்காம. கதவுக்குக் கீழ ஓடற சில் தகட்டை ரெண்டு பக்கமும் அறுத்தெடுத்துட்டு அலுமினியத்துல புதுசா டிசைன் பண்ணப் போறதாச் சொன்னீங்க. பண்ணாதீங்க. ஹெரால்டுக்குச் சேசிஸ்ல இருந்து ஓரத்துக்குக் கை நீட்டியிருக்கும், பாடியை அது தாங்கும். ஸ்பிட்ஃபயர்ல ஓரத்துக் கையை எடுத்துட்டு அந்தப் பாரத்தை சில் தலைமேல வெச்சுட்டான். மேல கூரையும் இல்லாத வண்டி. ரெண்டு சில்லையும் அறுத்தீங்கன்னா நடுவுல தொங்கிப் போயிரும். கதவு பொருந்தாது, அப்புறம் பட்டி வெச்சுப் பட்டி வெச்சு இடுக்கை ஒப்பேத்தோணும். மொதல்ல கதவைக் கழட்டிட்டு, கீல் பக்கத்துல இருந்து பூட்டுப் பக்கத்துக்கு ஒரு சதுரப் பைப்பைக் குறுக்க வெச்சு வெல்டு அடிங்க. ஒரு பக்கம் முடிச்சு, கதவை மாட்டிப் பாத்துட்டு அப்புறம் மறுபக்கத்துக்குப் போங்க. தகடு, கம்பெனிக்காரன் போட்ட இரும்புத் தகடேதான்.

மொகம் வாடிப் போச்சே. டிசைன் பண்ணியே தீரோணும்னா பண்ணுங்க, வேண்டாங்கலை. அந்தப் பழைய டைனமோ ராத்திரி லைட்டுப் போட்டா மூச்சு வாங்கும். மாருதி ஆல்டர்னேட்டர் ஒண்ணைப் புடிச்சு அங்க வெய்யுங்க. அதுக்கு ஏத்த பிராக்கெட்டை உலகத்துல எவனும் உங்களுக்காகப் பண்ணி வெச்சிருக்க மாட்டான். உங்க மூளைக்கு அங்க வேலை இருக்குது. மொதல்ல கல்யாணப் பத்திரிகை அட்டையில வெட்டுங்க. நம்ம ஊட்டுப் பத்திரிகையே அட்டாலியில ஒரு கட்டு மிச்சம் கெடக்குது, நல்ல கனமான அட்டை, உங்க பேரு பொன்னெழுத்துல இருக்கும். அதை என்ஜின்ல வெச்சு ஓட்டைக்கு ஓட்டை மார்க் பண்ணுங்க. மூணு புல்லிக்கும் குறுக்கால நேர்க்கம்பி வெச்சுப் பாத்தா எத்தனை முன்ன பின்ன நிக்குதுன்னு தெரிஞ்சுரும், அத்தனைக்கு வாசர் குடுக்கோணும். கோடு தப்புனா பெல்ட்டு கத்திக்கிட்டே பிஞ்சு போகும். பெல்ட்டை இழுத்துக் கட்ட ஒரு பக்கத்து ஓட்டையை நீளமா உடுங்க. எல்லாம் பொருந்துனதுக்கப்புறம் லேப்டாப்பைத் தொறங்க, அப்பச் சுத்துற படத்துக்கு அர்த்தம் இருக்கும். ஆறு எம்.எம். மைல்டு ஸ்டீல் தகடு போதும். நான் இங்கயே அறுத்துத் தர்றேன்.

அந்த எஸ்.எஸ். ட்ரனியனுங்க ரெண்டையும் எடுத்துட்டுப் போயிறாதீங்க. பூசை ரூம் சாமிப் படம் பின்னால சாயுது, முட்டுக் குடுக்க அளவா இருக்குது. இங்கிலாந்துல இருந்து நல்லதா ரெண்டு வெங்கலத்துலயே வரவழைச்சிருங்க, தண்டையும் சேத்து. வந்ததும் ஞாயித்துக்கெழமை கூப்பிடுங்க, எண்ணெய் வெக்கறப்ப நான் கூட இருக்கறேன். வரப்ப கிரீஸ் கன்னை மண்ணெண்ணெயில நல்லாக் கழுவி எடுத்துட்டு வாங்க. உங்களுது இல்லீங்க, என்றது. தீவாளிக்கு வந்தப்ப வாங்கிட்டுப் போனீங்களே, அது.