அணிலுக்கு எத்தனாம் நம்பர் ரவை?

வாடா பேராண்டி, வா. இப்பிடித் திண்ணையில குந்து. ராத்திரியெல்லாம் வெள்ளக்காரன் அணில் சுடற வீடியோ பாத்தியாமே, உங்க ஆயா சொன்னா. கொய்யாவ அணிலு கொறிக்குது, துப்பாக்கி வாங்கணும். பன்னண்டு போரா, இருபது போரா? ஆறாம் நம்பர் ரவையா, நாலாம் நம்பரா? எனக்குத் தெரிஞ்ச ரவை உப்புமா ரவைதான். கேட்டுட்ட, சொல்றன்.

குழலு அகலத்துக்கு ஈயக் குண்டு உருட்டி, பவுண்டுக்குப் பன்னண்டு நின்னா அது பன்னண்டு போரு. இருபது நின்னா இருபது. நம்பர் ஏற ஏறக் குழலு சிறுக்கும். பண்ருட்டி முந்திரியில 240, 320-ன்னு போடறான் பாரு, அதுவும் பவுண்டுக்கு எத்தினி பருப்புங்கற கணக்குதான். ரவையும் அப்பிடியே, நம்பர் ஏறினா பொடிசு. 410-ன்னு ஒண்ணு மட்டும் இதுல சேராது. அது குழலோட அகலம், அங்குலத்துல.

அமெரிக்காக்காரன் ஆறாம் நம்பர் போடறான்னா அதுல நியாயம் இருக்கு. அவன் ஊரு சாம்பல் அணிலு அரைக்கிலோ தேறும். தோலு கெட்டி. மர உச்சியில குந்திக்கினு கொட்ட கொறிக்கும். அவன் சீசன் பாத்து, தலைக்கு இத்தினின்னு சுட்டு, கொழம்பு வச்சுத் திங்கறான். நம்மூர் அணிலு எவ்ளோ? நூறு கிராம். உங்க ஆயா மளிகைச் சீட்டுல கடுகு எழுதற அளவு! ஆறாம் நம்பர் ரவை ஒரு அவுன்சுல இருநூத்திச் சொச்சம் உருண்டை இருக்கும். நூறு கிராமு உசுருக்கு இருநூறு உருண்டையா? வாலாவது மிஞ்சுமா? கொய்யா பூரா சல்லடையாயிட்டா அப்புறம் எதக் காப்பாத்தப் போற? சுண்டக்கா கால் பணம், சொமகூலி முக்காப் பணம்.

சரி, வாங்கறன்னே வையி. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேணும். கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேயும். எதுக்குப்பா துப்பாக்கின்னு கேட்டா, அணிலுக்குங்கன்னு சொல்லுவியா? அவரு சிரிக்காம ஃபைல்ல எழுதணுமே! தேர்தல் வந்தா கொண்டுபோயி ஸ்டேஷன்ல குடுக்கணும். ஓட்டு எண்ணி முடியறவரைக்கும் அணிலுக்குத்தான் கொண்டாட்டம். மலைப்பக்கம் போயி சுடலாம்னு பாக்கறியா? அது காப்புக்காடு. 1972-லயே வனவிலங்குச் சட்டம் வந்தாச்சு. அங்க சத்தம் கேட்டா அணிலு ஓடுதோ இல்லியோ, நீ ஓடணும்.

நான் டவுசரு போட்ட காலத்துல, நரிக்குறவங்க நம்ம கொல்லிப்பக்கம் வருவாங்க. அதுல ஒரு பெரியவரு, கரிமருந்த உள்ளங்கையில கொட்டிப் பாத்து, குழல் வாயில போடுவாரு. தேங்கா நார வச்சு, கம்பியால குத்திக் குத்தி இறுக்குவாரு. மேல ரவை, அதுக்கு மேல மறுபடி நாரு. நம்பரு கிடையாது, அட்டவணை கிடையாது. மருந்து ஒரு சிட்டிகை கூடுனா குழலே வெடிச்சிடும்னு கைக்குத் தெரியும். கவுதாரி தப்பாது. நானும் உன்ன மாதிரிதான் கேட்டன், அந்த அணில சுடுங்களேன்னு. என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "மருந்துக்காசு நீ குடுப்பியா சாமி?"ன்னாரு. அம்புட்டுத்தான்.

பழத்துக்குத் துணிப்பை கட்டுடா. வேலைக்குச் சோம்பல்பட்டவன்தான் தோட்டாவுக்கு நம்பர் தேடறான். அணில் ஏறவிட்ட நாயாட்டம் கொய்யாவ அண்ணாந்து பாத்துக்கினு நிக்கற, கழுத்து வலிக்கல?

இன்னொண்ணு. இந்த ஊரு அணிலுக்குக் கொஞ்சம் செல்லம் ஜாஸ்தி. நம்ம ஊரு ஆசிரமத்துல ரமண மகரிஷி இருந்தாரே, 1950 வரைக்கும், அவரு சோபாவுலயே ஏறி வந்து கையிலருந்து முந்திரி வாங்கித் தின்னதுங்க. அதுங்களோட பேரன் பேத்திங்கதான் உன் மரத்துல குந்திக்கினு கீதுங்க. அந்தப் பரம்பரைக்கு ஈயம் குடுக்கப் போறியா நீ? நம்பர் பாத்துத்தான் எதையும் வாங்குவன்னா, 320 வாங்கு. 240 வேணாம், வெல ஜாஸ்தி.